கடலில் ஒரு புள்ளி

இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியிலேயே ஒன்றையொன்று வெட்டும் என்று கேத்திரகணித வகுப்பிற் கூறினேன். கரையோரக் கிராமத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் அப்பு அந்தப் புள்ளியிலேதான் மீன் பிடிக்கிறவர்" என்றான். வகுப்பு நகைத்தது. நான் நகைக்கவில்லை, அடுத்த சனிக்கிழமையே அம்முதியவரைக் காணச் சென்றேன்.

மீன்கள் கடலெங்கும் ஒரே அளவாய்ப் பரந்திருப்பனவல்ல. கடலடியிற் கல்லும் முருகைக்கல்லும் மேடாய் அமைந்த இடத்தைப் 'பார்' என்பர். இரையும் மறைவிடமும் உண்டாதலின் மீன்கள் அங்கே கூடும். ஆயின், மேலே நீர் எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். சிறு வள்ளத்திற் செல்பவன் அவ்விடத்தை எவ்வாறு அறிவான்?

கரையிலுள்ள பனையொன்றும், அதற்கு வெகுதூரம் பின்னேயுள்ள கோபுரமும் ஒரே நேரிற் சேரும்படி வள்ளத்தைச் செலுத்துவான். அஃது ஒரு கோடு. அக்கோட்டை விடாது சென்று, கரையின் வேறொரு பக்கத்தில் மற்றும் இரு குறிகள் அவ்வாறே சேருமிடத்தில் நிற்பான். கோடுகள் வெட்டும் அப்புள்ளியே பார். அவை செங்கோணத்தை அண்மித்து வெட்டுமாயின் பிழை குறையும்.

இன்று செய்மதியின் துணையால் இடங்காட்டும் கைக்கருவி, கயாக் என்னும் சிற்றோடத்திற் செல்வோர்க்கும் உண்டு. அதுபற்றி வினவினேன்.

"கருவி இடத்தைச் சொல்லும், வாத்தியார். ஆனால் அதைப் பார்க்கிறவன் கரையை மறந்துவிடுவான்" என்றார் முதியவர்.

அஃது உண்மையே. சோளகக் காலத்தில் வடகரையிலே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோர நீர் அமைதியாய்த் தோன்றி ஏமாற்ற, ஓடம் மெல்ல வெளியே தள்ளப்படும். சேர்ந்திருந்த குறிகள் விலகுவதே முதல் எச்சரிக்கை. கண் நீர்மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரத்திலிருப்பின், கரையிலுள்ள 16 மீற்றர் உயரப் பனையும் ஏறக்குறைய 18 கிலோமீற்றருக்கு அப்பால் மறைந்துவிடும்.

அவருடைய முன்குறிப் பனையொன்று போர்க்காலத்தில் வீழ்ந்தது. அதனோடு ஒரு பாரும் தொலைந்தது. பல ஆண்டுகளின் பின் கைத்தொலைபேசிக் கோபுரமொன்றைப் புதுக்குறியாக்கி அதனை மீண்டும் கண்டாராம். எழுதிவையாத அறிவு ஒரு மரத்தோடும் அழியும். ஒரு மனிதரோடும் அழியும்.

இப்பொழுது பேரன் அக்கோடுகளைத் தன் அப்பியாசப் புத்தகத்தில் வரைந்து வருகின்றான். குடும்ப இரகசியமாதலின் எனக்குக் காட்ட மறுத்துவிட்டான். அவ்வருடம் நான் திருத்தாமலே முழுப்புள்ளி வழங்கிய பயிற்சி அஃதொன்றே.