500 ரூபாய் பம்ப்கின் பை: என் தங்கச்சி போடாத கணக்கு

என் தங்கச்சி வீட்டிலேயே பேக்கிங் பண்ணி விற்கிறாள். நவம்பர் வந்தா அவளுக்குப் பம்ப்கின் பை ஆர்டர் வரும். அமெரிக்காவுல தேங்க்ஸ்கிவிங்குக்குச் செய்யுற பலகாரம் அது. அங்கே இருந்துட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் அவ அபார்ட்மெண்ட்ல சில இருக்கு. அதுல ஒரு வீட்டுக் குழந்தைக்குப் பால் அலர்ஜி. அதனால பாலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால், மேல் மாவுல வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். முட்டை உண்டு, டெய்ரி ஃப்ரீ வேற, எக்லெஸ் வேற.

ஒரு பை 500 ரூபாய். "கிட்டத்தட்ட பாதி லாபம்ணா"ன்னு சொன்னா. உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம்.

மஞ்சள் பூசணி: 30
தேங்காய் 2: 90
முட்டை 2: 15
மைதா, நாட்டுச்சர்க்கரை, கார்ன்ஃபிளார்: 50
தேங்காய் எண்ணெய்: 35
பட்டை, சுக்கு, ஜாதிக்காய்: 10
டப்பா, லேபிள்: 40
கரண்ட்: 15
மொத்தம்: 285 ரூபாய்

மிச்சம் 215. "உன் நேரத்துக்கு எவ்வளவு போட்டே?"ன்னு கேட்டேன். "நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்ணா"ன்னா.

எனக்கு ஆட்சேபணையே இந்த ஒரு வரிதான். பூசணியைச் சுட்டு மசிக்கணும், தேங்காய்ப்பால் பிழியணும், மாவு தேய்க்கணும். அலர்ஜி குழந்தைக்குப் போறதால வெண்ணெய் பட்ட பாத்திரம், கரண்டி எதுவும் கலக்கக் கூடாது. எல்லாத்தையும் முதல்ல கழுவணும். ஓவன்ல வேகுற நேரத்தை விட்டாலும் இரண்டரை மணி நேர வேலை. முன்னாடி டியூஷன் எடுத்தப்போ மணிக்கு 150 ரூபாய் வாங்கினவ அவ. அந்தக் கணக்குல கூலி 375. அப்போ அடக்கவிலையே 660! ஒவ்வொரு பைக்கும் 160 ரூபாய் இவ கையை விட்டுப் போகுது.

என் கருத்து இதுதான்: சம்பளம் போடாத கணக்கு லாபக் கணக்கே இல்லை. வாங்குறவங்க தேங்காய்ப்பாலுக்குக் காசு கொடுக்கலை. "என் பிள்ளை நம்பிச் சாப்பிடலாம்"கிறதுக்குக் கொடுக்குறாங்க. அந்த நம்பிக்கைக்குப் பின்னாடி இருக்குறது உங்க உழைப்பு.

அதுக்காக ஒரேயடியா 700 சொல்லணும்னு இல்லை. இரண்டு பை சேர்த்துச் செய்தா மொத்தம் மூணு மணி நேரம்தான் ஆகுது. கூலி பைக்கு 225, அடக்கம் 510. சனிக்கிழமை மட்டும் ஆர்டர், ஜோடியாத்தான் பேக்கிங், விலை 600. உடைஞ்சா, ஓவன் ரிப்பேர் ஆனா, மீதி 90 ரூபாய்லதான் சமாளிக்கணும்.

விலையைச் சொன்னதும் இரண்டு வீடு வேண்டாம்னுட்டாங்க. அவளுக்கு வருத்தம். அந்தக் குழந்தையோட அம்மா மட்டும் விலையைப் பத்தி ஒண்ணும் கேட்கலை, "தனிப் பாத்திரம்தானே?"ன்னு கேட்டாங்க.

நீங்களும் வீட்டுல செய்து விற்கிறவங்களா? இன்னைக்கே ஒரு பேப்பர் எடுங்க. முதல் வரியில உங்க சம்பளத்தை எழுதிட்டு அப்புறம் பூசணிக்காய்க்கு வாங்க.