இலவசமா, விலையா? அதற்கு முன் ஒரு கேள்வி

சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்ப்பவர்களிடம் உறவினர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எம்.எஸ். ஆபீஸ் காசு கொடுத்து வாங்கலாமா, இல்லை இலவசமாகக் கிடைக்கிறதே லிப்ரே ஆபீஸ், அதுவே போதுமா?" சிலர் போட்டோஷாப்பா ஜிம்ப்பா என்பார்கள். சிலர் விண்டோஸா லினக்ஸா என்பார்கள். பெயர்கள்தான் மாறும். கேட்பவரின் மனதில் இருப்பது விலை மட்டுமே.

என்னைக் கேட்டால், விலையை இரண்டாவதாகப் பார்க்க வேண்டும் என்பேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நாளை இந்த சாப்ட்வேர் நின்று போனாலோ, நான் வேறு ஒன்றுக்கு மாற நினைத்தாலோ, இதில் நான் செய்து வைத்த வேலை என் கைக்குத் திரும்பி வருமா? இதற்கு "வரும்" என்று பதில் சொல்லும் சாப்ட்வேர் எதுவாக இருந்தாலும் நல்லதுதான், அதற்குக் காசு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சில உதாரணங்களோடு பார்ப்போம்.

இலவசம் வேறு, ஓப்பன் சோர்ஸ் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் எல்லாமே ஓப்பன் சோர்ஸ் இல்லை. ஓட்டலில் சாம்பாரை இலவசமாக ஊற்றுவார்கள். அதன் செய்முறையைத் தர மாட்டார்கள். ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரில் செய்முறையும் சேர்ந்தே வருகிறது. அதாவது, அந்த புரோகிராம் எழுதப்பட்ட சோர்ஸ் கோட் உங்களுக்குக் கிடைக்கும். அதைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்கும் தரலாம்.

"எனக்கு புரோகிராமிங்கே தெரியாது, சோர்ஸ் கோடை வைத்து நான் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு சாப்ட்வேர்களின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

போட்டோக்களை அடுக்கி வைக்கப் பலரும் பயன்படுத்திய பிகாசா உங்களுக்கு நினைவிருக்கலாம். கூகுள் இலவசமாகத் தந்தது. ஆனால் ஓப்பன் சோர்ஸ் இல்லை. 2016 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தியது. எத்தனை பேர் விரும்பினாலும் அதை எடுத்துத் தொடர்ந்து வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை. போட்டோக்கள் ஜேபெக் பைல்களாக இருந்ததால் அவை தப்பித்தன. ஆனால் பல வருடங்கள் உட்கார்ந்து பிரித்து வைத்த ஆல்பங்களும், சேமிக்காமல் விட்ட திருத்தங்களும் பிகாசாவின் சொந்த முறையில் இருந்தன. வேறு புரோகிராமுக்கு மாறியவர்கள் அந்த வேலையில் பெரும் பகுதியை மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது அடுத்த கதை. ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஆபீஸ் தொகுப்பை 1999ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000ல் அதன் சோர்ஸ் கோடை வெளியிட்டது. அதுதான் ஓப்பன் ஆபீஸ். 2010ல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. புதிய முதலாளியின் கீழ் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட புரோகிராமர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் சோர்ஸ் கோடை எடுத்துக் கொண்டு தனியாகப் போய்விட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிப்ரே ஆபீஸ். ஓப்பன் ஆபீஸில் அடித்து வைத்த கடிதங்கள் லிப்ரே ஆபீஸில் அப்படியே திறந்தன. இதைச் செய்ததற்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. லைசென்ஸே அந்த உரிமையைத் தருகிறது.

இதில் வீட்டில் பயன்படுத்துபவர் ஒரு வரி கோட் கூட எழுதவில்லை. யாரோ எழுதலாம் என்ற உரிமை இருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பேஜ்மேக்கர் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் அச்சகமோ டிடிபி சென்டரோ வைத்திருந்தவர்களுக்கு பேஜ்மேக்கரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை, கோவில் மலர், கைடு, சிறு பத்திரிகை என்று எத்தனையோ வேலை அதில் நடந்தது. 1985ல் ஆல்டஸ் கம்பெனி வெளியிட்டது. 1994ல் அது அடோபியிடம் வந்தது. 2001ல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு அடோபி முழுக் கவனத்தையும் இன்டிசைன் மீது திருப்பிவிட்டது.

அதில் தவறில்லை. கம்பெனி என்றால் பழையதை விட்டுப் புதியதைச் செய்யத்தான் செய்யும். சிஎஸ்6 வரை இன்டிசைன் பேஜ்மேக்கர் பைல்களைத் திறந்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் அந்த வசதி இல்லை. முறையாகக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் இதே நிலைதான். அவருடைய வேலை பைலில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி மட்டும் கம்பெனியிடம் இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையும் நடந்தது. 2015ல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4 பதிப்பில் பேஜ்மேக்கர் பைல்களைத் திறக்கும் வசதி சேர்க்கப்பட்டது. சொந்தக்காரர் விட்ட பைலை, பைலின் அமைப்பைத் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்தவர்கள் திறந்து காட்டினார்கள். பக்க அமைப்பு எல்லா இடத்திலும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பழைய பைலில் என்ன இருக்கிறது என்றாவது பார்க்கலாம்.

தமிழுக்கு இதில் இன்னொரு பூட்டும் உண்டு. பைல் திறந்தாலும் உள்ளே இருக்கும் எழுத்து பழைய பான்ட் முறையில் இருக்கும். அந்த பான்ட் இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திரையில் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எழுத்துகளை வரிசைப்படுத்தியதால் வந்த வினை இது. 1999ல் தமிழக அரசு டாம், டாப் என்ற முறைகளை அறிவித்தது. 2010ல் யூனிகோடை ஏற்றது. இன்று யூனிகோடில் நீங்கள் அடிக்கும் தமிழ், விண்டோஸில் அடித்தாலும் செல்போனில் அடித்தாலும் தமிழாகவே தெரிகிறது. காரணம், யூனிகோட் என்பது எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லாத பொதுத் தரம். பொதுத் தரத்தின் அருமையை நம்மைப் போல அனுபவப்பட்டுத் தெரிந்து கொண்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

மாமா கடைக் கணக்கு

இது பெரிய கம்பெனிகளின் விவகாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் மாமா பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பில் போடவும் கணக்கு எழுதவும் அருகில் இருந்த ஒரு சிறிய கம்பெனியிடம் சாப்ட்வேர் வாங்கினார். நல்ல சாப்ட்வேர்தான். கூப்பிட்டால் ஆள் வருவார். யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகினால்தான் வேலை செய்யும். சில வருடங்களில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். புதிய கம்ப்யூட்டரில் டாங்கிள் வேலை செய்யவில்லை. ஒன்பது வருடக் கணக்கும், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் சிக்கிக் கொண்டன.

கணக்கை எக்ஸெலுக்கு அனுப்பும் வசதி அதில் இல்லை. ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க மட்டும் முடிந்தது. மாதம் மாதமாக எல்லாவற்றையும் பிடிஎப் ஆக பிரிண்ட் செய்து, சின்ன புரோகிராம் ஒன்று எழுதி, அதிலிருந்து எண்களைப் பிரித்து எடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பாக்கி விவரம் முழுவதும் கிடைத்தது. எந்தச் சரக்கு எந்த மாதம் எவ்வளவு போனது என்ற விவரம் ரிப்போர்ட்டிலேயே இல்லாததால் கிடைக்கவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் கடை மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் சாப்ட்வேர் இன்ஜினியர் இல்லாத கடைக்காரர் என்ன செய்வார்? நஷ்டத்தை ஏற்றுக் கொள்வார், அல்லது பாக்கிக்காரர்களின் நேர்மையை நம்பி இருப்பார்.

காசு கொடுத்து வாங்குவது எப்போது சரி?

இதையெல்லாம் படித்துவிட்டு, விலைக்கு விற்கும் சாப்ட்வேர் எல்லாமே மோசம் என்ற முடிவுக்கு வர வேண்டாம். எம்.எஸ். வேர்டின் டாக்எக்ஸ் பைல் முறை 2008ல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. லிப்ரே ஆபீஸின் ஓடிஎப் முறை 2006லேயே ஏற்கப்பட்டது. மைக்ரோசாப்ட் 365 சந்தாவை நீங்கள் புதுப்பிக்காவிட்டால் பைலைத் திருத்த முடியாது. ஆனால் அதே டாக்எக்ஸ் பைலை லிப்ரே ஆபீஸில் திறந்து வேலையைத் தொடரலாம். வாசல் திறந்திருக்கிறது. அதேபோல கூகுளில் வைத்திருக்கும் போட்டோக்களையும் டாக்குமென்ட்களையும் டேக்அவுட் என்ற வசதி மூலம் மொத்தமாக இறக்கிக் கொள்ளலாம். இவை ஓப்பன் சோர்ஸ் இல்லை. இருந்தும் நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

ஓப்பன் சோர்ஸ் குறைபடும் இடங்களும் உண்டு. அச்சகத்துக்கான நான்கு வண்ண வேலைக்கு ஜிம்ப் இன்னும் முழு மாற்று ஆகவில்லை. மேக்ரோக்கள் நிறைந்த எக்ஸெல் பைல்கள் லிப்ரே ஆபீஸில் சரியாக ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. உங்கள் ஆடிட்டர் குறிப்பிட்ட ஒரு சாப்ட்வேரில்தான் கணக்கு வேண்டும் என்றால் அதையே வாங்குவது புத்திசாலித்தனம். ஒரு சாப்ட்வேர் உங்கள் பிழைப்புக்கு உதவுகிறது என்றால் அதற்குக் கொடுக்கும் காசு செலவே இல்லை.

ஆனால் திருட்டு காப்பியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடைக்காரர் போட்டோஷாப், ஆபீஸ் என்று எல்லாவற்றையும் "சும்மா" போட்டுத் தருவார். அதனால்தான் பல வீடுகளில் இந்த ஒப்பீடே நடப்பதில்லை. லைசென்ஸை உடைக்கும் புரோகிராமுடன் வைரஸும் வரும் என்பது ஒரு பக்கம். நமக்கு உண்மையில் என்ன தேவை என்று யோசிக்கும் பழக்கமே போய்விடுகிறது என்பது இன்னொரு பக்கம். வருடத்துக்கு நான்கு கடிதம் அடிக்க முழு ஆபீஸ் தொகுப்பு எதற்கு?

ஓப்பன் சோர்ஸுக்கும் காசு வேண்டும்

ஓப்பன் சோர்ஸ் ஆதரவாளர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. "ஆயிரம் கண்கள் பார்க்கின்றன, அதனால் பாதுகாப்பானது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் பாதுகாப்பு.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பைல்களைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறிய சாப்ட்வேரில் ஒரு கள்ளக் கதவு கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பல வருடங்களாகக் கவனித்து வந்தவர் கிட்டத்தட்ட ஒற்றை ஆள், அதுவும் சம்பளம் இல்லாமல். உதவி செய்வதாக வந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே நுழைந்தவர்தான் கள்ளக் கதவை வைத்தது. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயண்ட். அவர் மைக்ரோசாப்டில் வேலை செய்பவர் என்பது இந்தச் சண்டையில் கட்சி கட்டி நிற்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

எனவே நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது உங்களால் முடிந்ததை நன்கொடையாகக் கொடுங்கள். பணம் இல்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவலாம், கண்ணில் படும் பிழையை எழுதி அனுப்பலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

புதிய சாப்ட்வேர் எதையாவது தேர்ந்தெடுக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. சோதனைப் பதிப்பை இன்ஸ்டால் செய்து, சின்ன வேலை ஒன்றைச் செய்து பாருங்கள். பிறகு பைல் மெனுவில் சேவ் ஆஸ், எக்ஸ்போர்ட் ஆகியவற்றில் என்னென்ன முறைகள் இருக்கின்றன என்று பாருங்கள். கடிதம் என்றால் ஓடிடி அல்லது டாக்எக்ஸ், கணக்கு என்றால் சிஎஸ்வி, படம் என்றால் ஜேபெக் அல்லது பிஎன்ஜி இருக்க வேண்டும்.

2. அப்படிச் சேமித்த பைலை வேறு ஒரு புரோகிராமில் திறந்து பாருங்கள். மெனுவில் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

3. முக்கியமான பைல்களை இரண்டு விதமாகச் சேமியுங்கள். ஒன்று அந்த சாப்ட்வேரின் சொந்த முறையில், மற்றொன்று பொது முறையில்.

4. பழைய பான்ட்டில் இருக்கும் தமிழ் பைல்களை, அவற்றைத் திறக்கும் கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

5. கணக்கு சாப்ட்வேர் விற்க வருபவரிடம் முதல் கேள்வியாக "என் கணக்கு முழுவதையும் எக்ஸெலில் எடுக்க முடியுமா, எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதனால் உடனே கிடைக்கும் பலனும் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்கள் பல வீடுகளில் இருக்கின்றன. பயர்பாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றில் பழகி, பைல்களையும் பொது முறையில் வைத்திருப்பவர் லினக்ஸுக்கு மாறினால் அங்கும் இதே புரோகிராம்கள்தான் இருக்கும். மாறுவதும் மாறாமல் இருப்பதும் அவர் இஷ்டம். மற்றவர்களுக்கு அந்த இஷ்டமே இருக்காது.

சாப்ட்வேரை இன்றைக்கு வாங்கலாம், நாளைக்கு மாற்றலாம். உங்கள் பிள்ளையின் முதல் பிறந்தநாள் ஆல்பத்தையும், அப்பா எழுதி வைத்த குடும்பக் கணக்கையும் கடையில் வாங்க முடியாது. அவற்றைத் திறக்கும் சாவி உங்களிடம் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.