ஒரே பாடத்துக்கு இருமுறை கட்டணமா?

ஒன்ராறியோவில் சமூகக் கல்லூரியொன்றில் ஈராண்டு படித்து டிப்ளோமா பெற்ற மாணவர், பின்னர் பட்டப்படிப்புக்காகப் பல்கலைக்கழகம் சேரும்போது, தாம் ஏற்கெனவே சித்தியடைந்த கணக்கியலையும் புள்ளிவிபரவியலையும் மறுபடியும் படிக்க நேர்வது எம்மவர் வீடுகளுக்குப் புதிய செய்தியன்று. கல்லூரியும் மாகாண அரசின் நிதியைப் பெறுகிறது; பல்கலைக்கழகமும் பெறுகிறது. ஒரே பாடத்துக்கு அரசு இருமுறை பணம் ஒதுக்க, குடும்பம் இருமுறை கட்டணம் செலுத்துகிறது. ஓராண்டு பிந்துவதென்றால் ஓராண்டு ஊதியம் இல்லை. கல்விக்கடன் மட்டும் ஏறுகிறது.

இது தற்செயலாக விளைந்த குழப்பமன்று. 1965 இல் அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் டேவிஸ் இக்கல்லூரிகளுக்கு வழிவகுத்தபோது, அவை தொழிற்கல்விக்குரிய தனி நிறுவனங்களாகவே கருதப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கு ஏறும் படிக்கட்டாக அல்ல. அடுத்த ஆண்டிலேயே ஸ்காபரோவில் சென்ரெனியல் கல்லூரி திறக்கப்பட்டது. அக்காலத்தில் எவரும் எதிர்பாராத அளவுக்கு, இன்று கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோர் தொகை பெருகியுள்ளது.

வேறுவிதமாகவும் செய்திருக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கல்லூரிகள் பட்டப்படிப்பின் முதலிரு ஆண்டுகளையும் கற்பிக்கும் நோக்குடனேயே வளர்ந்தன. 1989 இல் இதற்கென ஒரு மாகாண சபை நிறுவப்பட்டது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதை அது வழிகாட்டியாக வெளியிடுகிறது. அல்பேர்ட்டா 1974 இலேயே இத்தகைய சபையை அமைத்துவிட்டது. ஒன்ராறியோவில் அப்படியொரு சபை தோன்றியது 2011 இல்.

சபை இருந்தாலும் இறுதித் தீர்ப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையிலேயே உள்ளது. 'ஏற்றுக்கொண்டோம்' என்ற சொல்லிலும் ஒரு பொறி உண்டு. பாடத்துக்குரிய 'கிரெடிற்' வழங்கப்படும். ஆனால் அது துறையின் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக அல்லாமல், பொதுவான விருப்பப் பாடமாகவே பதியப்படும். ஆவணத்தில் புள்ளிகள் நிறைந்திருக்க, மாணவரோ முதலாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருப்பார். நாமும் ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்றவரே. அயல் நிறுவனத்தில் கற்பித்தது ஆழமற்றது என எண்ணும் ஆசிரியப் பெருமிதத்தை நன்கறிவோம். அதிற் சில வேளை நியாயமும் உண்டு. அடிப்படை பலவீனமான மாணவரை மூன்றாம் ஆண்டிற் கொண்டுபோய் இருத்துவது அவருக்கே தீங்கு. ஆயினும் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னர் மறுப்பது வேறு. நிறுவனத்தின் பெயரைப் பார்த்தே மறுப்பது வேறு.

அமெரிக்க அரச கணக்காய்வு அலுவலகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை நிறுவனம் மாறிய மாணவர் சராசரியாகத் தம் கிரெடிற்றுகளில் 43 வீதத்தை இழந்ததாக மதிப்பிட்டது. ஓர் அரச நிறுவனத்திலிருந்து இன்னோர் அரச நிறுவனத்துக்கு மாறியோருக்கும் இழப்பு 37 வீதம்.

மாகாண அரசிடம் நாம் கோருவது பெரிதன்று. கிரெடிற்றை மறுக்கும் பல்கலைக்கழகம், கல்லூரிப் பாடத்தில் எந்தப் பகுதி குறைகிறதென்பதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அம்முடிவு மாணவர் கட்டணம் செலுத்துமுன் கிடைக்கவேண்டும். மறுப்புக்கு எதிராக முறையிட, அப்பாடத்தைக் கற்பிக்கும் துறைக்கு வெளியே ஒருவர் இருக்கவேண்டும்.

அதுவரை, கல்லூரியிற் சேரும் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்தின் விளக்கக் கையேட்டையும் பத்திரப்படுத்தி வைப்பது நன்று. பல்கலைக்கழகம் முதலிற் கேட்பது அதையே. சில ஆண்டுகள் கழித்து அதைத் தேடிப் பெறுவது எளிதன்று.