ஆட்டுக்குட்டியும் கோவிவனும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிஷம் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

1990களில் ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனோம். செங்கத்திலிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக பஸ். மலை ஏறும்போது பாதிப் பேருக்கு வாந்தி. 1986இல் திறந்த அந்தப் பெரிய தொலைநோக்கியைப் பார்த்ததும் எல்லாரும் வாந்தியை மறந்துவிட்டார்கள். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டறிந்ததில் நம் ஜவ்வாது மலைக்கும் பங்கு உண்டு என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வரும்போது ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "வேற கிரகத்துக்காரங்க வந்தா நம்மள என்ன பண்ணுவாங்க டீச்சர்?"

நான் சரித்திர டீச்சர். எனக்குத் தெரிந்த படையெடுப்பெல்லாம் வாளும் குதிரையும்தான். "கெட்டவங்களா இருந்தாதான் பயம். நல்லவங்களா வந்தா நமக்கு என்ன கவலை?" என்று சொல்லிவிட்டேன்.

அது தப்பான பதில். ஏன் என்று சொல்கிறேன்.

போன மார்கழியில் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். அவர் போனபிறகு நான் வெளியூரில் ஒரு மாசம் தங்கியது அதுதான் முதல் தடவை. பேத்தி 'ப்ளூரிபஸ்' என்று ஒரு ஆங்கிலத் தொடரைப் போட்டாள். 2025 நவம்பரில் ஆப்பிள் டிவியில் வந்தது. வின்ஸ் கில்லிகன் எடுத்தது. ஒன்பது பாகம். புரியாத இடத்தில் பேத்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லப் போகிறேன்.

சுமார் 600 ஒளியாண்டு தூரத்திலிருந்து ஒரு வானொலிச் சமிக்ஞை வருகிறது. கப்பலும் இல்லை, ஆயுதமும் இல்லை. அந்தச் சமிக்ஞையில் இருப்பது ஒரு கிருமிக்கான செய்முறை. விஞ்ஞானிகள் அதை ஆய்வகத்தில் செய்து பார்க்க, அது பரவி, உலகத்து மக்கள் எல்லாருக்கும் ஒரே மனசு ஆகிவிடுகிறது. ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும். சண்டை கிடையாது, திருட்டு கிடையாது, பொய் கிடையாது. ஒரு உயிரைக்கூடக் கொல்ல மாட்டார்கள். கிருமி ஒட்டாமல் மிச்சம் இருப்பவர்கள் பூமி முழுக்க 13 பேர். அவர்களில் ஒருத்தி கேரல், நாவல் எழுதுகிறவள். அந்த முதல் நாளிலேயே அவளுடைய துணை ஹெலன் செத்துப்போகிறாள். ஆமாம், இரண்டு பெண்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள். என் வயசுக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். துணையைப் பறிகொடுத்தவள் துணையைப் பறிகொடுத்தவள்தான்.

வந்தவர்கள் கேரலிடம் காட்டும் அன்புக்கு அளவில்லை. கேட்டதெல்லாம் கொண்டுவருகிறார்கள். ஹெலன் சாகும் முன்பே அவளும் அந்த ஒற்றை மனசில் சேர்ந்துவிட்டதால், அவள் நினைவுகள் முழுவதும் அவர்களிடம் இருக்கின்றன. ஹெலனுக்கு என்ன பிடிக்கும், கேரலைப் பற்றி மனசுக்குள் என்ன நினைத்தாள், எல்லாம் தெரியும். அதைத் தொடாதீர்கள் என்று கேரல் கத்துகிறாள். பிறகு ஒருநாள் அவளே தாங்காமல், தான் எழுதி இன்னும் வெளியிடாத நாவலைப் பற்றி ஹெலன் உண்மையில் என்ன நினைத்தாள் என்று கேட்கிறாள். பதில் வருகிறது. அது இனிக்கவில்லை.

அந்த இடத்தில் பேத்தியை நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எனக்குத் தோன்றியது இதுதான். அவர்களுக்கு ஹெலனைத் தெரியும். ஹெலன் இல்லாத குறை தெரியாது. எல்லா நினைவும் அவர்களிடம் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தொண்டை அடைக்கவில்லை. அடைக்கும் ஒரே ஆள் கேரல்தான். அவள் கேரலாக இருப்பதற்கு மிச்சமிருக்கும் ஆதாரமும் அந்தத் துக்கம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் அவளும் 'நாங்கள்'.

அவர்கள் எப்போதும் 'நாங்கள்' என்றுதான் பேசுவார்கள். நம் தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. 'நாங்கள்' என்றால் எதிரில் நிற்பவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. அவளையும் உள்ளே இழுத்து 'நாம்' ஆக்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு 'நான்'ஐயும் கரைத்துவிட்டுச் செய்கிற 'நாம்' அது.

அதில் ஒரு இந்தியப் பெண்ணும் வருகிறாள், லட்சுமி. கிருமி ஒட்டாத 13 பேரில் ஒருத்தி. அவள் பையன் அந்த ஒற்றை மனசில் சேர்ந்துவிட்டான். உலகத்து டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்தது இப்போது அந்தச் சின்னப் பையனுக்கும் தெரியும். கேரல் அதைச் சுட்டிக்காட்டினால் லட்சுமிக்குக் கோபம் வருகிறது. இவன் என் பிள்ளைதான் என்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தம் வரவில்லை. முகம் அதே முகம், குரல் அதே குரல். எந்தத் தாய்தான் வேறு மாதிரி சொல்வாள்?

இந்தப் பயம் புதுசு இல்லை. 1956இலிருந்து இலங்கையிலேயே வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், 1953இலேயே 'சைல்டுஹுட்ஸ் எண்ட்' என்ற நாவலில் இதை எழுதிவிட்டார். அதிலும் வருகிறவர்கள் நல்லவர்கள். போரை நிறுத்துகிறார்கள், மிருகங்களை வதைப்பதைத் தடுக்கிறார்கள். உலகம் வளமாக இருக்கிறது. கடைசியில் குழந்தைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மனித நிலையைத் தாண்டிய ஏதோ ஒன்றாக மாறிப் போகிறார்கள். யாரும் யாரையும் கொல்லவில்லை. ஆனாலும் பெற்றவர்களுக்குப் பிள்ளை இல்லை. இது நல்லதுக்குத்தான் என்று சொன்னால் அந்தப் பெற்றோருக்கு ஆறுதலாகுமா?

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

போகிக்கு முந்தின நாள் பெங்களூரிலிருந்து திரும்பினேன். பொங்கலுக்காக மகன் ஓசூரிலிருந்து முன்கூட்டியே வந்து, எனக்குத் தெரியாமல் வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். அம்மா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று. வாசலில் நின்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். உள்ளே போனால் அவருடைய சாய்வு நாற்காலி இல்லை. பிரம்பு கிழிந்து போனதுதான், பழசைக் கழித்துவிட்டார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில், சிலிண்டர் மாற்றிய தேதியை அவர் பென்சிலால் எழுதி வைப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய கை. 22 வருஷத்துத் தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இப்போது அந்தச் சுவர் பளிச்சென்று வெளிர் மஞ்சள்.

அடுத்த நாள் பேரன் போனை நீட்டினான். "பாட்டி, தாத்தா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என்கிட்ட இருக்கு. அதைக் கொடுத்தா அவர் குரல்லயே பேசற மாதிரி ஏஐல பண்ணலாம். நீங்க எது கேட்டாலும் பதில் சொல்லும்." அவன் கண்ணில் அவ்வளவு பாசம். வேண்டாம்ப்பா என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. நடுவில் ஒரு ராத்திரி, சரி என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மகனே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்மேல் கோபம் இல்லை. நீ செய்தது அன்பினால். அதனால்தான் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. கெட்டவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனால் கத்தலாம், போலீசுக்குப் போகலாம். அன்போடு எடுப்பவர்களிடம் என்ன சொல்வது? அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

இனி நம்ம ஊர்க் கதை. என்னிடம் படித்தவர்களுக்கு நடுகல் பாடம் மறந்திருக்காது. தமிழகத் தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வந்த 'செங்கம் நடுகற்கள்' புத்தகத்தை வகுப்புக்கே எடுத்து வருவேன். மாடு பிடித்த சண்டையிலும் மாடு மீட்ட சண்டையிலும் விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள். அவர்கள் ராஜாக்கள் கிடையாது. இன்றைக்கும் நம் பக்கத்தில் பல கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்.

எடுத்தனூர்க் கல் ஞாபகம் இருக்கிறதா? மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதற்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள், கோவிவன் என்று. 1400 வருஷத்துக்கு முன்னால் யாரோ உளி எடுத்து ஒரு நாயின் பெயரை எழுத்து எழுத்தாகக் கொத்தியிருக்கிறார்கள். நாய் என்று மட்டும் போட்டிருந்தால் வேலை மிச்சம்.

தொடரில் கேரலும் இதைத்தான் செய்கிறாள். ஹெலனை வீட்டுப் பின்புறத்தில் புதைக்கிறாள். காட்டு விலங்குகள் வந்து தோண்டப் பார்த்ததும், அந்த மண்மேல் கல் பரப்பி, ஒரு கல்லில் ஹெலனின் பெயரை எழுதுகிறாள். செங்கத்துக்காரி எனக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசி பாகத்தில் பெரு நாட்டு மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி, தன் இஷ்டப்படியே அவர்களோடு சேர்கிறாள். கையில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருப்பாள். சுற்றி ஊரே அவளுக்காகப் பாடுகிறது. சேர்ந்து முடிந்ததும் பாட்டு நிற்கிறது. எல்லாரும் போட்டது போட்டபடி கிளம்புகிறார்கள். ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் எந்த உயிரையும் கொல்லாதவர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் யாருக்கும் அந்தக் குட்டி தன்னுடைய குட்டி இல்லை. கோவிவனுக்குக் கல் கிடைத்தது, அவனைத் தன் நாய் என்று நினைத்த ஒரு மனுஷனும், அதை அறிந்த ஒரு ஊரும் இருந்ததால்.

துக்கம் புனிதமானது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. கேரல் கோபத்தில் கத்தும்போது அந்த ஒற்றை மனசு அதிர்ந்து கோடிக்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள். துக்கத்தில் இருப்பவர் மற்றவர்களைப் படுத்துவது உண்மை. நானும் இந்த ஒன்றரை வருஷத்தில் சிலரிடம் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அவர்களெல்லாம் அவளை விட்டுப் போனபிறகு, தனிமை தாங்காமல், திரும்பி வாருங்கள் என்று வீட்டு முன்னால் தரையில் பெரிய எழுத்தில் எழுதுகிறவளும் அதே கேரல்தான். தனியாக இருப்பதும் வழி இல்லை.

அதனால் என்னைத் தனியாக விடுங்கள் என்று கேட்கவில்லை. வாருங்கள். ஆனால் "மறந்துடுங்க டீச்சர்", "இன்னும் எத்தனை நாள்தான்" என்று சொல்வதற்காக வராதீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பழைய மாணவர் வந்தார். பத்தாம் வகுப்பில் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது, எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் பார்த்துவிட்டுப் பணம் கட்டினாராம். "டீச்சர்கிட்ட சொல்லாதே, மார்க்குக்காகக் கொடுத்தேன்னு நினைப்பாங்க" என்றாராம். 41 வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாத மனுஷன் அன்றைக்குக் கிடைத்தார். சொன்னவருக்கும் கண் கலங்கியது, கேட்ட எனக்கும் கலங்கியது. அந்தப் போன் குரல் எனக்கு எவ்வளவு இதமாகப் பேசினாலும் அதற்குக் கண் கலங்காது. துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள இரண்டு தனித்தனி மனசு வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். திட்டியது, கடன் கொடுத்தது, சைக்கிள் கற்றுக்கொடுத்தது, எதுவானாலும் சரி. ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. புதுச் சுவரில் நானே பென்சில் எடுத்து, போன மாசம் சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதிவிட்டேன். மகனே, அடுத்த தடவை அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெயிண்ட் அடி.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தீர்களா? எங்கள் காலத்துப் பழக்கம், 41 வருஷமாக வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இனிமேலும் வராது. நீங்கள் வரும்போது சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.