நிறைந்த தட்டும் நின்றுபோன படியும்

'கணினி தானாகவே படியெடுத்துக்கொள்ளும்' என்ற உறுதிமொழியை நம்பி யான் இழந்தவை மூன்று மாதத்துச் சொற்குறிப்புகள். ஆசிரியர் பலரும் தம் எழுத்தையும் மாணாக்கர் புள்ளிகளையும் இக்காலத்திற் கணினியிலேயே வைத்திருத்தலின், எனது பிழையை ஈண்டு எடுத்துரைத்தல் தகும்.

எங்கள் பக்கத்துப் பேச்சுவழக்குச் சொற்களை முதியோரிடங் கேட்டுத் தொகுத்து வருகின்றேன். அத்தொகுப்பு மணிக்கொருமுறை வெளித்தட்டொன்றிற் படியாகி வந்தது. மாசி மாதத்தில் அத்தட்டு நிறைந்தது, படியெடுப்பும் நின்றது. 'இடம் போதாது' என்னும் அறிவித்தல் திரையின் மூலையிலே தோன்றுந்தோறும் அதனை மூடிவிட்டு எழுத்தில் ஆழ்ந்தேன். வைகாசியிற் கணினியின் உள்தட்டுப் பழுதுற்றது. ஏடெழுதுவோனுக்கு ஓலை தீர்ந்தாற் கை நின்றுவிடும். தீர்ந்தமை அவனுக்குத் தெரியும். எனக்கோ எழுத்து ஓடிக்கொண்டேயிருந்தது.

500 கிகாபைற்றுத் தட்டு எங்ஙனம் நிறைந்தது? என் தொகுப்பு 10 மெகாபைற்றுந் தேறாது. ஆராய்ந்தபோது கள்வன் அகப்பட்டான்: கல்லூரி நாடகங்களின் வீடியோப் பதிவுகள். அவற்றுள் ஒன்று 4 கிகாபைற்று. அதனைத் திருத்தித் திருத்தி அதே பெயரிற் சேமித்தேன். யான் கையாண்ட முறையோ மாறிய பகுதியை மட்டும் எடுப்பதன்று. ஒவ்வொருமுறையும் கோப்பு முழுவதையும் புதிதாக எடுப்பது. முப்பது படி சேர்ந்தால் 120 கிகாபைற்று! போதாக்குறைக்கு, பழம்படிகளை 'என்றென்றும்' வைத்திருக்கும்படி அமைந்த விதியை யான் மாற்றவுமில்லை.

"பண்டிதரையா, பெரிய தட்டொண்டு வாங்குங்கோவன்" என்றார் உடனாசிரியர். யான் உடன்படேன். காரணத்தைக் களையாவிடின் அதுவும் நிறையும். சற்றுப் பிந்தி நிறையும், அவ்வளவே.

ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டைம் மெஷின், இடம் முடிந்தால் மிகப் பழைய படிகளைத் தானே அழித்து இடஞ் செய்துகொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், முன்னரே கணினியில் தவறுதலாக அழிந்து நாம் அறியாதிருக்கும் கோப்பொன்று அப்பழம்படியில் மட்டும் எஞ்சியிருக்கலாம் அன்றோ? எதைக் கழிப்பது என்னும் தெரிவை இயந்திரத்திடம் முற்றாக ஒப்புவித்தல் எனக்கு உவப்பன்று.

இப்பொழுது வீடியோக்களை அவ்வேற்பாட்டினின்றும் விலக்கி, வேறொரு தட்டிற் கையாலே படியெடுக்கின்றேன். பழம்படிகளுக்கு ஓராண்டு எல்லை வகுத்துள்ளேன். கழிப்பதை அம்மென்பொருளின் வழியாகவே கழிக்கின்றேன். கோப்புறையுட் புகுந்து கண்டபடி அழித்தால் அதன் கணக்குக் குழம்பும். ஞாயிறுதோறும் கடைசிப் படியின் தேதியைப் பார்த்து, அதிலிருந்து ஒரு கோப்பையேனும் திறந்து படிக்கின்றேன். திறவாத படி இருந்தென்ன?

இழந்தவற்றை மீளக் கேட்டெழுதலாமே என்பீர். அவற்றுட் பல, மீன்வலைகளைப் பற்றி ஒரு முதியவர் கூறியவை. அவர் சித்திரையிலே மறைந்தார். அவர் சொன்னவற்றுள் என் நினைவில் நிற்பவை ஏழு சொற்களே.