ஒரு மாதக் கெடு

பொலிஸார் இனம் பார்த்து நடத்தினார்கள் என்ற குமுறல் நம் கவிதைகளிலும் கதைகளிலும் நிறையவே உண்டு. அது மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது எத்தனை தடவை? இப்படிக் கேட்டால், "அது சட்டத்தரணிகளின் வேலை, எழுத்தாளனுக்கு அங்கே என்ன?" என்கிறார்கள் இலக்கிய நண்பர்கள் சிலர். இந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

இனம், மதம், மொழி காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். மனுவை இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று அதே உறுப்புரை நீதிமன்றத்துக்கும் சொல்கிறது. அந்த இரண்டு மாதம் வெறும் வழிகாட்டலாகிவிட்டது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடுகின்றன. குடிமகனின் ஒரு மாதம் மட்டும் அரிதாகவே தளர்த்தப்படுகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். நம் கிராமங்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

அந்த மாதத்தில் நாம் செய்வதென்ன? ஊர்ப் பெரியவர்கள் பொலிஸ் நிலையம் போய்ச் சமாதானம் பேசுகிறார்கள். அரசியல்வாதியின் வாசலில் காத்து நிற்கிறோம். கெடு முடிந்துவிடுகிறது.

2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே மனுத் தாக்கல் செய்தது. மறுநாளே தடை உத்தரவு கிடைத்தது. நூறு கண்டனக் கவிதைகளால் ஆகாததை ஒரு மனு செய்தது.

மனுவுக்கு "அவமானப்படுத்தினார்கள்" என்ற சொல் போதாது. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், உத்தியோகத்தரின் இலக்கம் என்ன, அதே சோதனைச் சாவடியில் மற்ற இனத்தவர் எப்படி நடத்தப்பட்டார், வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது, கையொப்பமிடுமுன் அது விளங்கப்படுத்தப்பட்டதா என்பனவெல்லாம் வேண்டும். இவை இல்லாத மனுவை எதிர்த்தரப்பு ஒரே வரியில் மறுத்துவிடும்.

வீதி விளக்கு எரியவில்லையென்று பிரதேச சபைக்குக் கடிதம் எழுத வகுப்பில் கற்பிக்கிறோம். பொலிஸ் நிலையத்தில் நடந்ததை எழுதவும் ஏன் கற்பிக்கக் கூடாது? ஊருக்கு ஓர் எழுத்தாளனாவது இருக்கிறான். சம்பவம் நடந்த அன்றிரவே பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கட்டும். கவிதையை அடுத்த மாதமும் எழுதலாம்.