ஜாதி நாயின் காது

நாய்க் கண்காட்சி என்றால், நாக்கைத் தொங்கவிட்ட நாய்களையும் அவற்றைவிட அதிகமாக மூச்சு வாங்கும் சொந்தக்காரர்களையும் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற இடம் என்றுதான் பலருக்கு எண்ணம். மைதானத்தில் நடப்பது நாடகத்தின் கடைசிக் காட்சி. கதை நிர்ணயமாவது அதற்கு மாதக்கணக்கில் முன்னால், குட்டி போட்ட வீட்டின் பின்கட்டில். எட்டு வாரக் குட்டியை மேஜைமேல் தூக்கி நிறுத்தி, "இது கண்காட்சிக்கு ஆகும், அது ஆகாது" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்கிறாரே, அங்கே. நான் சண்டைக்கு வந்திருப்பது அந்த மேஜையோடுதான்.

தாடைக்கு அடியில் ஒரு கை, பின்னங்கால்களுக்கு இடையில் ஒரு கை. குட்டி மரப்பாச்சி மாதிரி நிற்க வேண்டும். மேல்வரிசைப் பல் கீழ்வரிசையின்மேல் கத்தரிக்கோல் போலப் பொருந்துகிறதா, முதுகு நேரா, தோள் சாய்வாக அமைந்திருக்கிறதா, ஆண் குட்டியானால் விதை இரண்டும் இறங்கிவிட்டனவா என்று பார்க்கிறார்கள். பிறகு தரையில் விட்டு நடை பார்க்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "கொஞ்சம் நடந்து காட்டம்மா" என்று கேட்ட காலத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த வைபவம் புதிதாகத் தோன்றாது.

எட்டு வாரத்தில் குட்டியின் வாயில் இருப்பவை 28 பால் பற்கள். நாலாவது மாதத்திலிருந்து அவை விழுந்து, 42 பற்களும் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகிவிடும். அதற்குள் தாடையும் வளர்கிறது. இன்று பொருந்திய பல் அன்று பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாணயஸ்தரான வளர்ப்பாளர், "நம்பிக்கை தருகிற குட்டி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மற்றவர்கள், அப்பன் சாம்பியன் என்ற ஒரே ஆதாரத்தில் மகனுக்கும் பட்டம் கட்டி விலை வைத்துவிடுகிறார்கள். பிறந்த நேரத்தைக் கொண்டு கலெக்டர் உத்தியோகம் சொல்லுகிற தேசத்தில் இதை மட்டும் குறை சொல்வானேன்? போவது வாங்குகிறவரின் பணம். போகட்டும். குட்டிக்கு எது போகிறது என்பதுதான் என் வழக்கு.

டால்மேஷன் என்று ஒரு ஜாதி. வெள்ளை உடம்பில் மை தெளித்தாற்போல் புள்ளிகள். 1961-ல் வால்ட் டிஸ்னி கம்பெனியார் அந்த ஜாதியில் நூற்றொன்றைத் திரையில் ஓடவிட்ட பிறகு அதைத் தெரியாதவர்கள் குறைவு. இந்தக் குட்டி பிறக்கும்போது புள்ளி இருக்காது. சுத்த வெள்ளை. பத்துப் பதினாலு நாள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகத் தலை காட்டும். ஆனால் சில குட்டிகள் பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கறுப்புத் திட்டுடன் பிறந்துவிடும். அமெரிக்கக் கென்னல் கிளப்பின் இலக்கண விதிப்படி, திட்டு இருந்தால் கண்காட்சியில் தள்ளுபடி. கண் திறக்காத குட்டிக்கு முதல் நாளே தீர்ப்பு ஆகிவிடுகிறது.

இனிக் காதின் கதை. நாய்க்குட்டிக்குக் காதுத் துளை திறப்பதே இரண்டு வாரம் கழித்து. உட்செவிக்குள் ரத்தம் ஊட்டுகிற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது உயிரோடு இருக்க, தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிற அதே உயிரணுக்கள் அங்கேயும் இருந்தாக வேண்டும். உடம்பை வெளுக்க வைக்கிற பரம்பரை அந்த உயிரணுக்களை உட்செவியிலும் இல்லாமல் செய்துவிட்டால், பிறந்த சில வாரத்தில் படலம் சுருங்கிப் போகிறது. ஒலியை வாங்குகிற நுண்மயிர் அணுக்கள் அதோடு செத்துப் போகின்றன. மருந்து கிடையாது. அமெரிக்காவில் சோதனைக்கு வந்த டால்மேஷன்களில் நூற்றுக்கு 22 வீதம் ஒரு காது செவிடு. நூற்றுக்கு 8 வீதம் இரண்டு காதும் செவிடு என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள்.

திட்டோடு பிறந்த குட்டிகளில் செவிடு குறைவு என்பதும் அதே ஆராய்ச்சிகளில் தெரிந்ததுதான். நிறம் தாராளமாகப் பரவிய உடம்பில் காதுக்கும் அதில் பங்கு கிடைத்துவிடுகிறது. ஆகவே நன்றாகக் காது கேட்கக்கூடிய குட்டிகளைப் பொறுக்கி எடுத்து, "ஆகாது" என்று ஒதுக்குகிற விதியை கனவான்கள் எழுதி, அச்சடித்து, கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய கேலிச்சித்திரத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. என் பிழைப்பே கற்பனைதான்.

"கைதட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்பார்கள். தெரியாது. ஒரு காது கேட்கிற குட்டி கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்கும். இரண்டும் கேளாத குட்டிகூடத் தரையின் அதிர்வை உணர்ந்து, கூடப் பிறந்தவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். மைதானத்தில் நடுவர் பல்லைத் திறந்து பார்ப்பார். காதுக்குள் எதைத் திறந்து பார்ப்பார்? ஒற்றைக் காது நாய் கோப்பையும் வாங்கும், குட்டிகளும் போடும், செவிட்டையும் கொடுத்துவிட்டுப் போகும். சரியான சோதனை ஒன்று இருக்கிறது. தலைத் தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே டிக் டிக் என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டில் எழும் அலையைக் கருவி பதிவு செய்கிறது. ஐந்து வாரம் ஆன குட்டிக்குச் செய்யலாம். சில நிமிஷ வேலை. எட்டாவது வாரத்து மேஜைக்கு முன்னாலேயே முடிந்துவிடக்கூடியது.

"புள்ளி நாய் வெளிநாட்டு விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் ராஜபாளையத்தைப் பார்க்க வேண்டும். காட்டுப் பன்றியை எதிர்த்து நின்ற நாய். 2005-ல் இந்தியத் தபால் இலாகா தலை வெளியிட்டுக் கௌரவித்த நாலு நாட்டு நாய் ஜாதிகளில் ஒன்று. அதற்குச் சந்தையில் மதிப்பு எதனால்? பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. நிறம் கலந்து பிறந்த குட்டியைக் கழித்துவிடுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அந்த ஜாதியில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்த ரகசியம். ராத்திரியில் வேலி ஏறுகிறவனின் காலடி கேட்காத காவல் நாய்! அதை "சுத்த ரத்தம்" என்று மெச்சி, கூடக் கொஞ்சம் விலை கொடுத்து வாங்குகிறோம். தோல் வெளுத்திருந்தால் குணம் உயர்ந்தது என்ற நம்பிக்கையை நாம் கல்யாணப் பந்தலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாய்க் கொட்டடி வரைக்கும் கொண்டு போயிருக்கிறோம்.

"இலக்கணம் இல்லாவிட்டால் ஜாதியே இல்லை, எல்லாம் தெரு நாய் ஆகிவிடும்" என்பது எதிர்க் கட்சியின் பிரதான வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாடாக ஒதுக்கி வளர்த்ததால்தான் இந்த ஜாதிகள் மிஞ்சின. ஆனால் இலக்கணம் எதற்காக வந்தது? 1859-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் நடந்த முதல் கண்காட்சிக்கு வந்தவை எல்லாம் வேட்டைக்குப் போகிற நாய்கள், பரிசு துப்பாக்கி. வேலை செய்கிற நாயின் உடம்பைத்தான் எழுதி வைக்கப் பார்த்தார்கள். பிற்பாடு வேலை மறந்து போய், எழுத்து மட்டும் நின்றுவிட்டது. நம் சம்சாரி சந்தையில் சுழி பார்த்துத்தான் மாடு வாங்கினான். ஆனாலும் நுகத்தில் பூட்டி நாலு எட்டு நடத்திப் பார்க்காமல் முந்தானை முடிச்சை அவிழ்க்க மனைவியை விடமாட்டான்.

கிளப்புகளால் விதியை மாற்ற முடியாது என்பதும் பொய். டால்மேஷனுக்கு இன்னொரு சாபம் உண்டு: சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் அடைப்பது. 1973-ல் அமெரிக்கப் பரம்பரையியல் நிபுணர் ராபர்ட் ஷைபிள் ஒரு பாயிண்ட்டர் நாயோடு ஒரே ஒரு முறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடேயே சேர்த்து, கல் அடைக்காத புள்ளி நாயை உண்டாக்கிக் காட்டினார். ரத்தம் கெட்டுப் போயிற்று என்று கூக்குரல் எழுந்தது. அமெரிக்கக் கிளப் அந்த வம்சத்துக்குக் கதவைத் திறந்தது 2011-ல். 38 வருஷம்! அடுத்த வருஷமே லண்டன் கென்னல் கிளப், தான் நடத்தும் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 15 ஜாதிகளின் வெற்றி நாய்களை மிருக வைத்தியரிடம் காட்டிய பிறகே அடுத்த சுற்றுக்கு விட்டது. 6 நாய்கள் திருப்பி அனுப்பப்பட்டன. சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். கண்காட்சி நின்றுவிடவில்லை.

நம் ஊர்க் கண்காட்சிகளில் வெள்ளை ஜாதிகளுக்குக் காதுச் சோதனைச் சீட்டு இல்லாமல் மைதானத்துக்குள் விடுவதில்லை என்று ஒரு வரி சேர்க்கட்டும். மேஜைத் தீர்ப்பு தானாக மாறும். அதுவரை, குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்கு எவ்வளவு சிவப்பு என்று கேட்பதற்கு முன்னால், "தாய்க்கும் தகப்பனுக்கும் காது பார்த்த சீட்டு எங்கே?" என்று கேட்கலாம். விற்கிறவர் சாம்பியன் தாத்தாவின் படத்தை எடுத்து நீட்டுவார். படத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கேளுங்கள்.